மரை பிடிக்காத திருகாணிகள்

மான்செஸ்டர், மார்ச் 1822

அன்பு லெட்டிஸ்,

உன் இருமல் விட்டதா? அப்பாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் நலம். கையெழுத்து கோணலாக இருக்கிறதே என்று பயப்படாதே. வலது கையில் இரண்டு விரல் லேசாக நசுங்கிவிட்டது, இடது கையால் எழுதுகிறேன்.

இங்கே நாங்கள் பூட்டும் புது நீராவிக் கொதிகலனுக்குத் திருகாணிகள் ஒரு பட்டறையிலிருந்தும் நட்டுகள் இன்னொரு பட்டறையிலிருந்தும் வந்தன. மரை பொருந்தவில்லை. முதலாளி கிரிம்ஷாவிடம் போய்ச் சொன்னேன்.

"ஐயா, என் பொண்டாட்டி சானெட்டுன்னு பதினாலு வரிப் பாட்டு எழுதுவா. எந்த ஊர்ல யார் எழுதினாலும் அதுக்குப் பதினாலு வரிதான். திருகாணி மரைக்கும் அப்படி ஒரு கணக்கு வேணாமா?"

"பாட்டு கட்டவா உனக்குக் கூலி குடுக்கறேன்? சுத்தியலால அடிச்சு இறக்குய்யா!"

அடித்தேன், லெட்டிஸ். இந்த வேலையும் போனால் எங்கே போய் நிற்பேன்? பாதி மரை பிய்ந்துவிட்டது, நீராவியின் அழுத்தத்தை இனி எவ்வளவு தாங்குமோ. விரல் நசுங்கியதும் அப்போதுதான்.

கம்பளிக் கையுறை ஒன்று அனுப்பு. நீ புதிதாக எழுதியது ஏதாவது இருந்தால் அதையும் வை. இங்கே என்னோடு பேச ஆளில்லை.

இன்று நண்பகலில் கொதிகலனில் முதல்முறையாக நீராவி ஏற்றுகிறார்கள். அதன் பக்கத்தில் நிற்க வேண்டியவன் என்னோடு வேலை செய்யும் நோவா. போன மாதம்தான் அவனுக்குக் கல்யாணம் ஆனது. அவனை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டேன். அடித்து இறக்கியவன் நான், நான்தானே நிற்க வேண்டும்?

மணி அடிக்கிறது, போகிறேன்.

உன் ஏமஸ்