அரிசிப் பெட்டிக்குள் ஒளித்த குளிசை

என் ஆசைத் தங்கச்சி சுபைதா,

நீ அடங்கியிருக்கும் கபுறடிக்கு நான் வர வழியில்லை; நம் ஊரில் பெண்கள் போவதில்லை. அதனால் கடிதம் எழுதுகிறேன். வேறு யார் படித்தாலும் படிக்கட்டும். பதினாலு வருஷம் ஒரு பொய்யைச் சுமந்து களைத்துப் போனேன்.

இங்கே மாத்தளையில் பேக்கரியில் ஒரு பாணுக்குக்கூட வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. வாப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது. நீ பார்க்காத என் மகள் நஸீமாவுக்குப் பதின்மூன்று வயது. அவளுக்கும் உன்னைப் போலவே வலிப்பு, அதற்கு விழுங்கும் அதே குளிசை. அந்தக் குளிசையால் மேலுதட்டிலும் கன்னத்திலும் கையிலும் அதே முடி. பள்ளிக்கூடத்தில் 'மீசைக்காரி' என்கிறார்களாம்.

உனக்கு ஞாபகமிருக்கிறதா? பெருநாள் முடிந்ததும் பல்லேபொலையிலிருந்து உன்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். கஸ்தூரி மஞ்சள் தேய்த்துத் தேய்த்துத் தோல் எரிந்ததே தவிர முடி போகவில்லை. "மீசையோட என்னெ யாரு ராத்தா முடிப்பாங்க?" என்று கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தாய்.

நோயாளிக்கு நோன்பு கடமையில்லை என்று பள்ளிவாசல் லெப்பை சொல்லியிருந்தார். நான்தான் கேட்கவில்லை. "நோன்ப சாட்டா வச்சி முப்பது நாளைக்கு நிப்பாட்டு புள்ள. முடியெல்லாம் கொட்டிரும்" என்றேன். உம்மா கண்ணில் படாமல் குளிசைப் போத்தலை அரிசிப் பெட்டிக்குள் புதைத்ததும் நான்தான்.

ஒன்பதாம் நோன்பு. மாலை அஸர் தொழுதுவிட்டுக் கஞ்சி துழாவிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாய். ஒரு வலிப்பு அடங்குமுன் அடுத்தது. ஆஸ்பத்திரிக்குக் கார் போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது. விழும்போது என்னைத் தேடினாயா?

"நோன்போட மௌத்தாக நஸீபு வேணும்" என்று உன் சாவையே பாக்கியமாக்கி ஜனாஸா வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நோன்புக்காக நீயாகவே குளிசையை நிறுத்தினாய் என்றார்கள்; நானும் தலையாட்டினேன், பாவி.

குளிசையைச் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று இப்போதைய டொக்டர் சொல்கிறார். அன்று யாரும் சொல்லவில்லையா, சொன்னது என் காதில் ஏறவில்லையா?

நேற்று நஸீமாவின் தலையணை உறைக்குள் நாலு குளிசை கிடந்தது. நோன்பு தொடங்கி நாலு நாள்தான். கையை ஓங்கினேன்.

"சுபைதா சாச்சியும் நோன்புக்கு நிப்பாட்டினாங்கதானே உம்மா? அவங்கள மட்டும் எல்லாரும் நல்லாச் சொல்றாங்க" என்றாள்.

ஓங்கிய கை இறங்கிவிட்டது. பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன், அரிசிப் பெட்டி வரைக்கும். அவள் அழவில்லை. "நீங்களா உம்மா?" என்று மட்டும் கேட்டாள். எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இன்று காலை தானாகவே வந்து கையை நீட்டினாள். குளிசையை வைத்தேன். விழுங்கிவிட்டு, வாயைத் திறந்து காட்டினாள்.

"நோன்பு நாள்ல பட்டப்பகல்ல தண்ணி குடிக்குது, மீசையும் மொளச்சிக் கெடக்கு. இதெ யாரு கட்டுவான்?" என்றார் என் மாமியார்.

"யாரும் கட்டாட்டிப் போகுது மாமி. மீசையோட இரிக்கட்டும், உசிரோட இரிக்கட்டும்."

இந்த வார்த்தையை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியவள் நான். சொல்லாமல் விட்டேனே, தங்கம்! மன்னிப்பாயா?

போத்தல் இனிக் கண்ணாடிக்குப் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கும். நஸீமா என்னை வெறுத்தாலும் சரி, தினமும் தண்ணீர்க் கோப்பையோடு முன்னால் நிற்பேன். உன் நோன்பைப் புகழ்ந்து யாராவது வாய் திறந்தால், நடந்ததைச் சொல்லுவேன்.

உன் குளிசையை ஒளித்த,
உன் ராத்தா