விரல் பட்ட பெயர்

சூரியநெல்லி
3 ஜூன் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் தம்பியும் சுகம். போனில் உங்கள் குரல் கேட்டால் எனக்குப் பேச்சு வராது, அதனால் எழுதுகிறேன். அரிசி மில் தூசியில் உங்கள் இருமல் எப்படி இருக்கிறது?

தம்பிக்கு இரண்டு மாதம் முடிந்தது. 23ஆம் தேதி ஞானஸ்நானம். இன்னும் பெயர் இல்லை. ஞானஜோதி அத்தை அவனைப் பெனோனி என்கிறார். வேதத்தில் ராகேல் பிரசவத்தில் சாகும்போது பிள்ளைக்கு இட்ட பெயர். துக்கத்தின் மகன் என்று அர்த்தமாம். அம்மாவும் அப்படித்தானே போனாள் என்கிறார்.

நம் வழக்கப்படி நீங்கள் வந்து, கண்ணை மூடி, வேதத்தைத் திறந்து விரல் வையுங்கள்; விரல் படும் பெயரே அவனுக்கு. எனக்கும் அப்படித்தானே வைத்தீர்கள். மாராள் என்றால் கசப்பு என்று ஞாயிறு பள்ளியில் தெரிந்து நான் அழுதுகொண்டு வந்தேனே, நினைவிருக்கிறதா? அம்மா சிரித்தாள். "கசந்தா என்னடி? தேயிலையுந்தான் கசக்குது. அதக் கிள்ளித்தான சோறு திங்கோம்." அன்று நீங்கள் மட்டும் சாப்பிடவில்லை.

உங்கள் வரவுக்குக் காத்திருக்கும்
மாராள்

கொழிஞ்சாம்பாறை
12 ஜூன் 2024

அன்பு மகளுக்கு,

இருமல் பரவாயில்லை. மில்லில் லீவு கிடைக்காது என்று எழுத நினைத்தேன். அது பொய். நான் கேட்கவே இல்லை.

என் விரல் உன்மேல் கசப்பை வைத்தது. அது உன் அம்மாவைக் கொண்டுபோனது, உன் படிப்பையும் நிறுத்தியது. இன்னொரு பிள்ளைக்கு அந்த விரல் வேண்டாம். அத்தை சொன்ன பெயரே இருக்கட்டும்.

அப்பா

சூரியநெல்லி
24 ஜூன் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

என்மேல் கோபப்படாதீர்கள். நேற்று கோயிலில் ஆயர், பிள்ளையின் பெயர் என்ன என்று கேட்டார். அத்தை வாயெடுக்கும் முன் நான் சொல்லிவிட்டேன். "அப்பா வந்து சொல்லட்டும், ஐயா." சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மற்ற மூன்று பிள்ளைகளும் ஞானஸ்நானத் தண்ணீரில் நனைந்தார்கள். தம்பியின் தலை மட்டும் காய்ந்தே இருந்தது. ஆயர் ஜூலை 7 வரை பொறுப்பாராம். "பெத்தவனே எட்டிப் பாக்கல, இவ மல்லுக்கு நிக்கா" என்று வழியெல்லாம் அத்தையின் ஏச்சு.

அப்பா, விரல் நின்ற இடத்துக்கு அப்புறம் படிக்கக் கூடாது என்பீர்கள். நான் படித்துவிட்டேன். ராகேல் பெனோனி என்றாள். உடனேயே பிள்ளையின் தகப்பன் அதைப் பென்யமீன் என்று மாற்றிவிட்டார். வலது கையின் மகன். அவர் கண்ணை மூடவில்லை. பிள்ளையைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்.

என் பெயருக்கு அப்புறமும் படித்தேன். புருஷனையும் மகன்களையும் இழந்து, தன்னை மாராள் என்று கூப்பிடச் சொன்ன அந்த அம்மாள், கடைசியில் ஒரு பச்சைப்பிள்ளையை மடியில் வைத்திருக்கிறாள். இதை எழுதும்போது நானும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் மகள்
மாராள்

கொழிஞ்சாம்பாறை
1 ஜூலை 2024

மாராளுக்கு,

மூட்டை அடுக்கும் இடத்தில் யாரும் இல்லாதபோது அந்தத் தகப்பன் இட்ட பெயரைச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு தடவை.

லீவு கேட்டேன். கொடுத்துவிட்டார்கள். சனிக்கிழமை வருகிறேன்.

நான் பச்சைப்பிள்ளையைத் தூக்கிப் பதினாறு வருஷம் ஆகிறது. கடைசியாகத் தூக்கியது உன்னைத்தான். கழுத்தை எப்படித் தாங்க வேண்டும் என்று காட்டிக்கொடு.

அப்பா