நாலு சில்லு வானொலி

செப்ரெம்பர் 21, ஞாயிறு

கொதிக்கிற வெயில். சோளகக் காற்று இன்னும் ஓயவில்லை, கதிரை மேசையெல்லாம் புழுதி. நேற்று இவருக்கு, என் மனிசனுக்கு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தது. சமையல் கிடாரங்கள் கோயிலுக்குத் திரும்பிப் போய்விட்டன. மிஞ்சிய வடை பக்கத்து வீட்டுக்கு.

முப்பத்தொரு நாளும் ரிவி இல்லை, றேடியோ இல்லை. செத்த வீட்டில் பாட்டுக் கேட்கக் கூடாது. சரி, கேட்கவில்லை. இன்று காலை தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு போனேன்.

ஊருலாப் போக இல்லை. இவருடைய குரலைக் கேட்க.

கிழமைக்கு இரண்டு தரம் வவுனியா ஆஸ்பத்திரிக்கு, இரத்தம் சுத்தம் செய்ய. ஓட்டுவது நான். பக்கத்துச் சீற்றில் இவர். காரின் பாட்டுச் செற் முழுக்க இவருடைய ஆட்சி, நான் தொட்டால் கோபம் வரும். ஜப்பானில் ஓடிக் கழித்த கார், செற்றிலும் ஜப்பான் எழுத்து. எந்தப் பொத்தான் எங்கே என்று இவருக்கு மனப்பாடம். திறப்பைத் திருப்பினதும் ஒரு ஜப்பான்காரி உள்ளேயிருந்து ஏதோ சொல்லுவாள். "ஓம் பிள்ளை, வெளிக்கிட்டாச்சு" என்பார். பிறகு பெருவிரல் அளவிலான சின்னப் பிளேயரை வயரில் குத்துவார். பாட்டு வரும். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் இவரே வருவார்.

சின்ன வயதில் வானொலி அறிவிப்பாளராக வர ஆசையாம். வந்தது கூட்டுறவுக் கடை மனேச்சராக. அந்த ஆசையை அந்தப் பிளேயரில் தீர்த்துக்கொண்டார். நான் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போன பிறகு அறைக்கதவைச் சாத்திவிட்டு அறிவிப்புப் பதிவார். "இது நாலு சில்லு வானொலி. நேரத்தை உங்கள் கைக்கடிகாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்." நாலு சக்கரத்தில் ஓடுகிற வானொலியாம். மாங்குளம் தாண்டுவதற்குள் என்னை ஒரு தரமாவது சிரிக்க வைக்காமல் விடமாட்டார்.

இன்று திறப்பைத் திருப்பினேன். ஒன்றும் இல்லை. ஒரு 'டிக்'கூட இல்லை. பொனற்றைத் திறந்தால் பற்றறி வயரைக் கழற்றி, பொலித்தீன் பையால் சுற்றி, றப்பர் போட்டுக் கட்டியிருக்கிறது. இவ்வளவு நேர்த்தியாகக் கட்டுகிற ஆள் இந்த ஊரில் ஒருவர்தான். அண்ணா.


அதே நாள், பின்னேரம்

அண்ணா வந்தார். ஓம், தான்தான் கழற்றினது. அறுவடை முடிந்து உழவு மெசினைக் கொட்டிலுக்குள் விடும்போது பற்றறி வயரைக் கழற்றிவிடுவார், இல்லாவிட்டால் மழைக்கு எடுக்கும்போது பற்றறி செத்துப்போயிருக்கும். காரும் ஒரு மாதம் சும்மாதானே நிற்கப்போகிறது என்று எட்டாம் நாள் எட்டுச் செலவு அன்று கழற்றியிருக்கிறார். எனக்குச் சொல்லவில்லை. அழுதுகொண்டிருக்கிற ஆளிடம் பற்றறிக் கதை எப்படிக் கதைக்கிறது என்றார். அதுவும் சரிதான்.

வயரைத் திரும்பப் பூட்டினார். கார் எழும்பியது. ஜப்பான்காரி வாயே திறக்கவில்லை. செற்றில் ஒரே ஒரு வரி ஜப்பான் எழுத்து, கீழே வெறுங் கட்டங்கள். எதை அமத்தினாலும் திரும்பத் திரும்ப அதே வரி.

போனில் படம் எடுத்து மொழிபெயர்க்கக் கொடுத்தேன். பற்றறி கழன்றதால் செற் பூட்டிக்கொண்டுவிட்டது, இரகசிய எண் வேண்டுமாம். களவெடுத்த செற் என்று நினைத்துவிட்டது. எங்கள் காரை நாங்களே களவெடுத்த மாதிரி.

அண்ணா சீற்றில் இருந்தபடி ஸ்ரேறிங்கைத் தடவிக்கொண்டிருந்தார். "நான் மெசினுக்குச் செய்யிறதைத்தான் செய்தனான்" என்றார். நான் வீட்டுக்குள் போய்விட்டேன். நின்றிருந்தால் அளவுக்கு மேல் பேசியிருப்பேன்.


செப். 22, திங்கள்

பள்ளிக்கூடம். எங்கள் முரசுமோட்டையிலிருந்து உடையார்கட்டு வரை பஸ்ஸில். காரை எடுக்கவே மனம் இல்லை.

பிளேயரைத் தனியாக ஓடவைக்கப் பார்த்தது:
போன் சார்ஜரில் குத்தினேன். சிவப்பு வெளிச்சம் மட்டும்.
இயர்போன் ஓட்டை முந்தியே உடைந்தது. இவர் தீக்குச்சி விட்டுக் கிண்டினதில்.
உள்பற்றறி இந்த ஒரு மாதத்துக்குள் செத்துவிட்டது போல. திரையும் இல்லை. கார் வயரில்தான் அதற்கு உயிர்.
பள்ளிக்கூடக் கொம்பியூட்டர்: எல்லாவற்றையும் அழித்தால்தான் திறக்கலாம், அழிக்கவா என்று கேட்கிறது.

சட்டென்று இழுத்து எடுத்தேன். கொம்பியூட்டர் ரீச்சர் "என்னக்கா, பாம்போ" என்று கேட்டா. சிரித்தேன். மலசலகூடத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு நாலாம் வகுப்புக்குப் போனேன். பெருக்கல் வாய்ப்பாடு.

இவருடைய குரல் வேறு எங்கேயும் இல்லை. இவருடைய போனில் தேடினேன், ஒன்றும் இல்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, பிறந்தநாள் வீடியோ எடுக்க வீட்டில் ஆளும் இல்லை. கலியாண வீடியோ சண்டையில் இடம்பெயர்ந்ததில் போனது. அந்தப் பெருவிரல் அளவுச் சாமானுக்குள் இருப்பது மட்டும்தான்.


செப். 24, புதன்

அண்ணா புதுச் செற் வாங்கித் தருவாராம். பெரிய திரை, தமிழ் எழுத்து, போனில் இருப்பதெல்லாம் வருமாம். வேண்டாம் என்றேன். காசுக்கு யோசிக்காதே என்றார். காசுக்காக இல்லை அண்ணா என்று கத்திவிட்டேன். ஒழுங்கையில் அயல்சனத்துக்கெல்லாம் கேட்டிருக்கும்.

அண்ணா வாசல் படலையடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிட்டும் மீன் குழம்பும் அனுப்பினேன். பாத்திரம் கழுவித் திரும்பி வந்தது, உள்ளே ஒரு சீப்பு வாழைப்பழம். சமாதானம்.


செப். 27, சனி

வவுனியா. செற் திருத்த. அண்ணாவும் வந்தார். இவருடைய சீற்றில் இருக்கமாட்டேன் என்று பின் சீற்றில் ஏறி, வாடகைக் காரில் போகிறவர் மாதிரி இருந்தார். பாட்டில்லாமல் அந்த ரோட்டில் நான் ஓட்டினது இதுதான் முதல் தரம். புளியங்குளத்தில் அண்ணா நித்திரை. ஆஸ்பத்திரித் திருப்பத்தில் கை தானாகச் சிக்னல் போட்டுவிட்டது. பின்னால் வந்தவன் ஹோன் அடித்தான்.

செற் திருத்துகிறவர் மலையகத்து ஆள், எங்கள் வயது. செற்றைக் கழற்றி, பின்பக்கத்து நம்பரை எழுதி யாருக்கோ அனுப்பினார். காத்திருந்தோம். பிளேன்ரீ வாங்கித் தந்தார். பதில் வந்தது, எண்ணை அமத்தினார், செற் திறந்துகொண்டது.

ஜப்பான்காரி பேசினாள்.

பிளேயரைக் குத்தினேன். தமிழ்ப் பெயர்கள் எல்லாம் சின்னச் சின்னக் கட்டங்கள், அது முந்தியும் அப்படித்தான். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு இவர்.

"வணக்கம் நேயர்களே. இது நாலு சில்லு வானொலி."

கடைக்கு முன்னால், ரோட்டோரம், பட்டப்பகல். அண்ணா இறங்கிப் போய் மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். திருத்துகிறவர் சாவி, குறடு என்று ஆயுதங்களைப் பொறுக்கி அடுக்கினார். நான் ஸ்ரேறிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு கேட்டேன். அடுத்து வருவது மழைப் பாட்டு என்றார் இவர்.

மழைப் பாட்டு வரவில்லை. இவரேதான் திரும்ப வந்தார். அடுத்து வருவது ஒரு தோணிப் பாட்டு என்றார். தோணியும் வரவில்லை. அடுத்து, அடுத்து என்று சொல்லிக்கொண்டே போகிறார், ஒரு பாட்டும் வரவில்லை. முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு தாங்க முடியவில்லை, நிற்பாட்டினேன்.

திருத்துகிறவர் விளங்கப்படுத்தினார். பாட்டு ஒரு இடத்தில், குரல் ஒரு இடத்தில் பதிந்திருக்கிறது. இரண்டையும் மாறி மாறிக் கோத்தது செற்றின் ஞாபகத்தில்தான். பற்றறி வயர் கழன்றதோடு அந்த ஞாபகம் போய்விட்டது. "திரும்ப நீங்களே ஒண்ணொண்ணா அடுக்கிக்கலாங்க டீச்சர். பொறுமை வேணும்" என்றார். எப்படி என்று காட்டித் தந்தார். பொத்தான்களை அவற்றின் இடத்தை வைத்துப் பாடமாக்கினேன்: மேல் இடது, நடு, நடு, கீழ் வலது.


செப். 28, ஞாயிறு

வெயில் ஏறமுதல் காருக்குள் போய் இருந்தேன். குரலைக் கேட்கிறது, அதற்குரிய பாட்டைத் தேடுகிறது, அடுக்குகிறது. சின்ன வகுப்புக்குக் கொடுக்கிற 'கோடு கீறி இணைக்குக' மாதிரி. எல்லாம் எத்தனையோ தரம் கேட்டவை. "இந்தப் பாட்டைக் கேட்டு ரீச்சர் வேகத்தைக் கூட்டவேண்டாம், ஓமந்தையில் பொலிஸ் நிற்கும்", இது குதிரைவண்டிப் பாட்டு. "ஆஸ்பத்திரிச் சோறு சாப்பிட்டவர்களுக்காக", இது கல்யாண விருந்துப் பாட்டு. ஒரு குரலில் பின்னால் எங்கள் சேவல் கூவுகிறது. அதுவும் போன வருசமே கறியாகிவிட்டது.

மத்தியானத்துக்குள் முடிந்தது. கடைசியில் ஒரு குரல் மட்டும் மிஞ்சியது. அதை நான் முந்திக் கேட்டதே இல்லை.

எழுதிவைக்கிறேன்:

"அடுத்து வருவது எங்கள் ஒரேயொரு நேயர், முரசுமோட்டை ரீச்சருக்காக. இந்தப் பாட்டை அவர் கேட்டு எத்தனையோ வருசம்." இதில் நிறுத்துகிறார். மூச்சு வாங்குவது கேட்கிறது. கதிரை கிரீச்சிடுகிறது. "எங்கே கேட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். பாட்டுத் தொடங்கினால் அவருக்கே தெரியும்."

அவ்வளவுதான். அதற்குப் பாட்டு இல்லை. எல்லாப் பாட்டுக்கும் கோடு கீறி முடிந்துவிட்டது. திரும்ப முதலிலிருந்து தேடினேன், ஒன்றும் மிஞ்சவில்லை.

எந்தப் பாட்டு?


செப். 30, செவ்வாய்

கலியாணத்தன்று கோயில் ஒலிபெருக்கியில் ஓடியதா? முதன்முதல் சேர்ந்து போன பஸ்ஸிலா, கொக்கிளாயில் இவருடைய சித்தி வீட்டுக்குப் போனபோது? இடம்பெயர்ந்து இருந்த முகாமில் பக்கத்துக் கூடாரத்துப் பெடியன் ஒரு றேடியோ வைத்திருந்தான், இரவில் மெதுவாகப் போடுவான். அதுவா? அங்கே படுத்துக்கொண்டு நாங்கள் பாட்டுக் கேட்டோமா? சாம்பார் வரிசையும் தண்ணீர் வரிசையும்தான் ஞாபகம். பாட்டு ஞாபகம் இல்லை.

எனக்குத் தெரியும் என்று சொல்கிறார். எனக்குத் தெரியவில்லையே.

அண்ணாவுக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு மூன்று பாட்டுச் சொன்னார். ஏதோ ஒன்றைப் போடு, அவர் வந்து பிழை என்று சொல்லப்போறாரோ என்றார். நல்ல மனத்தோடு சொன்னதுதான். ஆனால் சும்மா ஒரு பாட்டைக் கொண்டுவந்து அந்தக் குரலுக்குப் பின்னால் வைக்க என்னால் முடியாது.


ஒக்ரோபர் 4, சனி

இரவிலிருந்து இந்த மாரியின் முதல் மழை. மண் வாசம். அண்ணா மெசினுக்குப் பற்றறி பூட்டிவிட்டார், காலபோக நெல் விதைப்புக்கு உழவு. செய்யவேண்டியது: கூரைச் சலாகை மாற்ற, விடைத்தாள் திருத்த, கிளிநொச்சிப் பாட்டுக்கடை.

கடைசி வேலைக்கே முதலில் போனேன். இவருக்குப் பாட்டுப் பதிந்து கொடுக்கிற கடை சந்தைக்குப் பின்னால். போன் திருத்துவதும் அந்தக் கடைக்காரரே. தடித்த கண்ணாடி, நாற்பது வயது இருக்கும். யார் என்று சொன்னதும் எழும்பினார். செய்தி தெரியாதாம். கதிரை துடைத்துத் தந்தார்.

கேட்டேன். கடைசியாக இவர் ஒரு பாட்டுக் கேட்டு வந்தாரா?

"வந்தவர் ரீச்சர். பஸ்ஸிலதான் வந்தவர். பாட்டின்ர பேர் தெரியாது, படமும் தெரியாது எண்டவர். இந்த மேசையில கையை ஊண்டிக்கொண்டு வாய்க்குள்ள பாடிக் காட்டினவர். எனக்குப் பிடிபடேல்லை. உங்களுக்குக் களைக்குது, இருங்கோ ஐயா எண்டனான். இன்னொரு நாள் வாறன் எண்டுபோட்டுப் போனவர்."

பஸ்ஸில். வாசல்படி ஏறினாலே மூச்சு வாங்குகிற மனிதன். நான் உடையார்கட்டில் பெருக்கல் படிப்பித்துக்கொண்டிருந்தபோது கிளிநொச்சிக்குப் போய், பின்னேரம் நான் வருமுன் வீட்டில் வந்து படுத்திருக்கிறார். களைத்த முகத்தைப் பார்த்துச் சாப்பிடவில்லையோ என்று ஏசியிருப்பேன். எந்த நாள் என்றுகூடத் தெரியவில்லை.

எப்படிப் பாடினார், ஒரு வரி போதும் என்றேன்.

கண்ணாடியைக் கழற்றினார். மேலே பார்த்தார். வாயைத் திறந்து ஏதோ தொடங்கினார், நிறுத்தினார். இன்னொன்று தொடங்கினார். இல்லை என்று தலையாட்டினார்.

"குறை நினைக்காதேங்கோ ரீச்சர். எத்தினை பேர் வந்து பாடிக் காட்டுகினம். மறந்துபோச்சு."

அவரில் என்ன பிழை? எனக்கே தெரியவில்லை.

ஏதாவது பழைய பாட்டுப் பதிந்து தரவா, காசு வேண்டாம் என்றார். வேண்டாம் என்று எழும்பினேன். கடை வாசலில் நின்று அழுதேன், குடையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு.

திரும்பி வரும்போது காரில் வரிசைப்படி எல்லாம் ஓடியது. மழைப் பாட்டு, தோணி, குதிரைவண்டி. இவர் சொல்லச் சொல்ல அதது வந்தது. பரந்தன் சந்தியில் திரும்பும்போது கடைசி அறிவிப்பு. "பாட்டுத் தொடங்கினால் அவருக்கே தெரியும்" என்று முடித்தார். செற் திரும்பத் தொடக்கத்துக்குப் போகுமுன் கையை நீட்டி நிற்பாட்டினேன். கண்ணாடியில் வைப்பர் அடிக்கிற சத்தம் மட்டும். வேகத்தைக் குறைத்து, ஒரு பாட்டு முடிகிற அளவுக்கு அப்படியே ஓட்டினேன். பிறகு அடுத்த அறிவிப்புக்குப் பொத்தானை அமத்தினேன்.