மேனேஜரின் கண்ணில் வைக்காத புள்ளி

அன்பு மகனுக்கு,

அம்மா சொல்லி எழுதுவது. உடம்புக்கு எங்கள் இருவருக்கும் குறையில்லை, நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். கையெழுத்தைப் பார்த்ததுமே எழுதுவது உன் தங்கை என்று தெரிந்திருக்கும். நூலகத்துச் சுவருக்காக ஐந்து மாதமாக ஏணியில் நின்று தலைக்கு மேலே வரைந்ததில் என் வலது தோள் பிடித்துக்கொண்டது, பேனா பிடித்தால் விரல் வரைக்கும் இழுக்கிறது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டாலும் இவள் எழுத்து முத்து முத்தாகத்தான் இருக்கிறது. இதை எழுத மாட்டேன் என்று வெட்கப்படுகிறாள், எழுதடி என்றேன்.

வேலைக்குக் குறைவில்லை. சுவரில் நம் தெருக்காரர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். தையல்கடைக்காரர் தொப்பையைக் குறைத்துப் போடச் சொன்னார், அவர் மனைவி, "இருக்கிறத இருக்கிற மாதிரியே போடுங்க, அப்புறம் யாரு இந்த ஆளுன்னு நானே கேப்பேன்" என்றாள். வீட்டுப் பிராணிகளின் படம் கேட்டும் வருகிறார்கள். அதில்தான் ஒரு தப்பு நேர்ந்தது. மருந்துக்கடைக்கார அம்மா பூனைப் படத்தைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். "எல்லாம் சரிதாங்க, ஆனா பார்வை எங்க பூனையோடது இல்ல. இது யாரையோ எதிர்பாத்துக்கிட்டு இருக்கு" என்றார். கண்ணில் வெளிச்சம் பட்டு மின்னுகிற வெள்ளைப் புள்ளியைக் கடைசியில்தான் வைப்பேன், அதை வைத்தால்தான் உயிர் வரும் என்று உனக்குத் தெரியும். போட்டோவில் ஜன்னல் வலது பக்கம், புள்ளியை நான் இடது பக்கம் வைத்திருக்கிறேன். மற்றப் படங்களையும் எடுத்துப் பார்த்தேன். நாலு மாதமாக வரைந்த நாய், பூனை, முயல் எல்லாவற்றுக்கும் இடது பக்கம்தான். போன ஞாயிறு பூங்காவில் எல்லோர் முன்னாலும் நின்று வரைந்தபோது ஒரு குட்டிப் பெண், "ஆன்ட்டி, அங்க நாயே இல்லையே, பெஞ்சுக்கு அடியில யாரு?" என்று கேட்டாள். பார்த்தேன். ஒரு காது மடிந்து, முன்காலில் தாடையை வைத்துக்கொண்டு, நம் மேனேஜர். கை தானாகப் போட்டிருக்கிறது.

மகனே, மனதைத் திடப்படுத்திக்கொண்டு படி. மேனேஜர் இல்லை. நாலு மாதம் ஆகிறது. நீ போன நாளிலிருந்து வாசல் கேட்டையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தான், அந்த வெளிச்சம்தான் இடது பக்கமாக அவன் கண்ணில் விழும். வயதாகிவிட்டது, வேறொன்றும் இல்லை என்றார் டாக்டர். அவன் போகும்போது நான் ஏணி மேலே இருந்தேன், பக்கத்தில் சின்னவள்தான். நீ வேலையில் சேர்ந்த புதிது, கலங்கிவிடுவாய் என்று போனில் "தூங்குறான்டா" என்று சொல்லிவிட்டேன். ஒரு பொய்க்குத் துணையாக ஒன்பது பொய். போன மாதம் "போனை அவன் காதுல வைம்மா" என்றாயே, அவன் படுத்திருந்த வெறும் சாக்கின் பக்கத்தில் உட்கார்ந்து போனை நீட்டினேன். "டேய் மேனேஜரு, ஆளுங்கள ஒழுங்கா மோந்து பாத்து உள்ள விடுறியா?" என்று நீ கேட்டது வீடு முழுக்கக் கேட்டது. "வாலாட்டுறான்" என்றேன். சின்னவள் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து தரையில் அவன் நகச் சத்தம் எனக்குக் கேட்கிறது. அவளிடம் கேட்டால், அவளுக்கும் கேட்கிறதாம்.

இந்தக் கடிதத்திலும் மேனேஜர் நன்றாக இருக்கிறான் என்றுதான் முதலில் எழுதச் சொன்னேன். எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத பெண், பேனாவை மூடி வைத்துவிட்டு, "அத மட்டும் என் கையால எழுத மாட்டேம்மா. அவன் தலை என் மடியிலதான் இருந்துச்சு" என்றாள். பேனா மூடியை நானே திறந்து அவள் கையில் கொடுத்தேன்.

நூலகத்துச் சுவரிலும் ஓரமாக அவன் இருக்கிறான். அவனுக்கு மட்டும் இன்னும் புள்ளி வைக்கவில்லை. வைத்தால் மறுபடி கேட்டைப் பார்க்க ஆரம்பித்துவிடுவானோ என்று கை வரவில்லை. என் மேல் கோபப்படு, ஆனால் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணாமல் இருந்துவிடாதே. குளிர் அதிகம் என்றாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. எங்கே இருந்தாலும் நீ நோய் நொடியில்லாமல் நூறு வருஷம் நன்றாக இரு.

உன்னிடம் பொய் சொன்ன,
அம்மா

அண்ணா, இது நானாக எழுதுவது. அம்மா தோளுக்கு ஒத்தடம் கொடுக்க வெந்நீர் வைக்கப் போயிருக்கிறாள். கடைசியில் மேனேஜர் கேட்டைப் பார்க்கவில்லை. நான் வலது பக்கம் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன், முகத்தைத் திருப்பி என்னைத்தான் பார்த்தான். இதை அம்மாவிடம் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ சொல்லு, புள்ளியை வலது பக்கம் வைக்கட்டும்.