பத்துப் பேர் வரும்வரை தூக்கிய கால்

பெரியவன் அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முட்டிவலி எப்படி? ஆற்றுப்பாலம் உடைந்த வருடம் நம் கல்யாணம் முடிந்து லாரியில் சுற்றிக்கொண்டு வந்தோமே, அது இப்போது உதவுகிறது.

இந்த மாதத் தொடக்கத்தில் கிடங்குப் படியில் முட்டி மடங்கி விழுந்தேன். மாவு மூட்டைமேல்தான், அடியில்லை. மாதக் கடைசிக்குள் படியேறாவிட்டால் காவல் வேலை போய்விடும் என்றார் மேஸ்திரி. ஆஸ்பத்திரி நர்ஸம்மாவிடம் காட்டினேன். தொடை பலமானால் முட்டி தாங்குமாம். நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டித் தூக்கி, பத்து எண்ணும்வரை பிடிக்க வேண்டும்.

"என்ன தாத்தா, பஸ்ஸைப் பிடிக்கப் போறீங்களா? மெதுவா எண்ணுங்க!" என்று அதட்டினார் நர்ஸம்மா.

அதனால் எண்ணுவதை விட்டுவிட்டு, லாரியில் நம்மோடு வந்தவர்களை உட்கார்ந்த வரிசையில் சொல்கிறேன். உன்னோடு சேர்த்துப் பத்துப் பேர். அவசரப்பட்டால் உன் பெரியப்பா கோபித்துக்கொள்வாரே! நேற்று மேஸ்திரியின் கண்முன்னே இரண்டு மாடி ஏறினேன்.

நீயும் செய். முட்டிக்கடியில் சுருட்டி வைக்க உன் பழைய சேலை ஒன்று அனுப்பு. இங்கே துணி கிடைக்கும்தான், இருந்தாலும் அனுப்பு.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதும் சமையல்காரர் அடுப்பைப் பார்க்க அவசரப்படுகிறார். அந்தப் பத்துப் பேரில் ஒன்பது பேர் காலமாகிவிட்டார்கள். அவர்களைச் சொல்லி முடிப்பதற்குள் தொடை நடுங்கிவிடும். தார்ப்பாயில் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டு வந்த பத்தாவது ஆள் வந்தபிறகுதான் காலை இறக்குகிறேன். அது நீ.