உயர்த்திய வண்டியும் உன் அம்மாவும்

அன்புள்ள மகள் ஆர்லிஸுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம் என்று முதல் வரியிலேயே எழுதச் சொல்லிவிட்டு உன் அம்மா மதியத் தூக்கத்துக்குப் போயிருக்கிறாள், எழுதிவிட்டேன். நீயும் மாப்பிள்ளையும் பேத்தி டெஸ்ஸாவும் அங்கே நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். டூசானில் இன்னும் வெயில் கொளுத்துகிறது என்று டிவியில் சொன்னார்கள், இங்கே மாண்டானாவில் காலையில் தண்ணீர்த் தொட்டியின் மேல் மெல்லிசாக ஐஸ் பிடிக்க ஆரம்பித்துவிட்டது. கன்றுகள் நன்றாகத் தேறியிருக்கின்றன, ஏற்றிப் போக லாரி அக்டோபர் பதினான்காம் தேதி வருகிறது. போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், நான் வைத்துவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். விஷயம் அந்த வண்டியைப் பற்றியது.

ஏப்ரலில் நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். பனி உருகி நம் மூன்று மைல் மண்பாதை முழுக்கக் களியாகி, பழைய கார் வயிறு வரை புதைந்து நின்றுவிட்டது. ஒரே வாரத்தில் இரண்டு தடவை. அந்த வாரம் உன் அம்மா வெர்னாவுக்கு அடுத்தடுத்து இரண்டு டயாலிசிஸ் தவறிப்போனது, கால் வீங்கி பூட்ஸ் நுழையவில்லை, மூச்சு வாங்கியது. கடைசியில் பக்கத்துப் பண்ணை கார்டன் ஆஸ்ட்பி டிராக்டர் கொண்டுவந்து இழுத்துவிட்டான். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். அடுத்த ஞாயிறு, ஈஸ்டர் அன்று, நீ போன் செய்து இருவரும் இங்கே வந்துவிடுங்கள் என்றாய், நீ முடிப்பதற்குள் முடியாது என்றேன். எனக்கு வேண்டியது வேறு ஊர் இல்லை, உயரமான வண்டி என்று நினைத்தேன்.

கார்டனின் மகன் பிரைஸ் தன் பிக்கப் வண்டியை விற்கப் போவதாகக் கேள்விப்பட்டுப் போனேன். அவன் மனைவிக்கு இரட்டைக் குழந்தைகள் பிறக்கப் போகின்றன, அவனுக்கு இனி வேன்தான் சரி. கல்யாணத்துக்கு முன்னால் அவனும் கூட்டாளிகளும் கொட்டகையில் வைத்து அந்த வண்டியை ஆறு அங்குலம் தூக்கிப் பெரிய டயர் மாட்டியிருந்தார்கள். கம்பெனி செய்து கொடுத்த உயரம் இல்லை, வெளியே வாங்கிப் பூட்டியது. இந்த மாதிரி வண்டிகளில் சிலர் ஸ்பிரிங் பட்டைக்கு அடியில் வெறும் கட்டையைச் செருகிவிட்டு உயர்த்திவிட்டோம் என்பார்கள், அதனால் தீவனச் சாக்கை விரித்து நாற்பது நிமிடம் அடியில் படுத்துப் பார்த்தேன். பட்டை முழுக்கப் புதிது, ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு இல்லை, பிரேக் குழாய்களைக்கூட உயரத்துக்குத் தக்கபடி நீளமாக மாற்றியிருந்தார்கள், வெல்டிங்கில் ஒரு விரிசல் கிடையாது. கார்டன் மேலே நின்றுகொண்டு, "என்ன லைமன், அடியிலயே குடித்தனம் பண்ணப் போறியா? எந்திரி, காப்பி ஆறுது" என்றான். அவர்கள் ஓடைச் சேற்றில் ஓட்டிப் பார்த்தேன், தார் ரோட்டில் போவது மாதிரி போனது. விலை பேசி முடித்துக் கை குலுக்கினேன். இந்தப் பக்கத்தில் வண்டி பார்ப்பது என்றால் அடியில் பார்ப்பது, எஞ்சினைப் பார்ப்பது, சேற்றில் இறக்கிப் பார்ப்பது, அவ்வளவுதான். சீட்டைத் தொட்டுப் பார்க்கிறவனை டவுன்காரன் என்று சிரிப்பார்கள். நானும் டிரைவருக்குப் பக்கத்துக் கதவைத் திறக்கவே இல்லை. டெஸ்ஸாவுக்குப் பழைய கார் தேடுகிறீர்களாமே, போகும்போது அதில் உட்காரப் போகிற எல்லோரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

வீட்டுக்கு ஓட்டி வந்தேன். உன் அம்மா வெளியே வந்து பக்கத்தில் நின்றாள், சீட்டு அவள் நெஞ்சு உயரத்தில் இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்ல வண்டி லைமன். நீ ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வா, நான் வாசல்ல நின்னு கையாட்டுறேன்" என்றாள். பக்கத்தில் மிதிபடி மாட்டினேன், அவள் முழங்கால் அந்த உயரத்துக்கு மடங்கவில்லை. தூக்கி வைக்கப் போனால், "நான் என்ன தீவன மூட்டையா?" என்று கையைத் தட்டிவிட்டாள். கடைசியில் தொழுவத்துக்குப் பக்கத்தில் மாடு ஏற்றும் சாய்வுப் பலகை இருக்கிறதே, அதன் முனையில் வண்டியைப் பக்கவாட்டில் ஒட்டி நிறுத்தினேன். இரண்டு பக்கக் கம்பியையும் பிடித்து மெதுவாக ஏறி வந்தாள், பாதியில் நின்று, "ஏன் லைமன், இது வழியா ஏறுன மாடு ஒண்ணாவது திரும்பி வந்திருக்கா?" என்றாள். உனக்கு மட்டும் ரிட்டன் டிக்கெட் போட்டிருக்கிறேன் என்றேன். மே மாதத்திலிருந்து செவ்வாய், வியாழன், சனி, போக எழுபது மைல், வர எழுபது மைல், ஒன்றுகூடத் தவறவில்லை. ஜூன் மழையிலும் தவறவில்லை, இதையும் நீ கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். வழியில் எல்லோரும் பிரைஸ் என்று நினைத்துக் கை காட்டுகிறார்கள். பெட்ரோல் போடுகிற இடத்தில் ஒரு பெண் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டே ஓடிவந்து, என்னைப் பார்த்ததும் டயரைப் பார்க்க வந்தவள் மாதிரி குனிந்துகொண்டாள். உன் அம்மா வீடு வரும்வரை அதையே சொல்லிச் சிரித்தாள்.

ஆஸ்பத்திரியில் சாய்வுப் பலகை கிடையாது. இரண்டு படி வைத்து ஒரு மரப்பெட்டி செய்து பின்னால் போட்டுக்கொண்டு போவேன். இறங்கும்போது அது போதும். சிகிச்சை முடிந்து வரும்போது அவள் துணி மாதிரி துவண்டிருப்பாள், அப்போது கையைத் தட்டிவிடுவதில்லை, நான்தான் தூக்கி வைப்பேன். கோடை முழுவதும் அப்படித்தான் நடந்தது. போன செவ்வாய்க்கிழமை தூக்கும்போது பாதியில் என் முதுகு பிடித்துக்கொண்டது, பெட்டி சரளையில் சறுக்கியது, நான் அடியிலும் அவள் மேலேயுமாக இரண்டு பேரும் விழுந்தோம். எலும்பு எதுவும் முறியவில்லை. டயாலிசிஸ் ஊசி குத்துகிற கையில் மட்டும் ரத்தம் கட்டியிருக்கிறது, நர்ஸ் அதை ரொம்ப நேரம் அழுத்திப் பிடித்திருந்தாள், பிறகு குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, ரத்த ஓட்டம் இருக்கிறது, கவலை இல்லை என்றாள். உன் அம்மா தரையில் கிடந்தபடியே, "நாப்பத்தொம்பது வருசத்துல இன்னைக்குத்தான்யா என்னைக் கீழ போட்டிருக்க" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயந்துவிட்டேன் ஆர்லிஸ். பிறகு யாரோ ஒருவர், நமக்குத் தெரியாதவர், வந்து அவளைச் சேணத்தைத் தூக்குகிற மாதிரி தூக்கி சீட்டில் வைத்துவிட்டுத் தொப்பியைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போனார். திரும்பும் வழியெல்லாம் அவள் கன்றுகளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். ஆர்லிஸிடம் சொல்லாதே என்று இரண்டு தடவை சொன்னாள்.

மறுநாள் மெக்கானிக்கிடம் போய் வண்டியைப் பழைய உயரத்துக்கு இறக்க முடியுமா என்று கேட்டேன். "இறக்கிரலாம், ஒரு நாள் வேலை. ஆனா இறக்கிட்டா உங்க களிமண்ணுல எப்படிப் போவீங்க பெரியவரே?" என்றான். அவன் சொன்னது சரிதான். மண்ணுக்கு வேண்டிய உயரத்துக்கு என்னால் அவளைத் தூக்க முடியவில்லை, நான் தூக்க முடிகிற உயரத்தில் மண் எங்களைப் போக விடாது. நான் எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் அவ்வளவுதான். நவம்பரில் பனி வந்துவிடும்.

பசுக்களை என்ன செய்வது என்று கார்டனிடம் பேசிவிட்டேன், அவன் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான், வேறு எதுவும் கேட்கவில்லை. உன் அம்மாவிடம் இன்னும் பேசவில்லை. முதலில் முடியாது என்பாள், அது என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். பதில் எழுதும்போது உறையில் என் பெயரை மட்டும் எழுது, இல்லாவிட்டால் அவள் பிரித்துவிடுவாள். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். கடவுள் உங்கள் மூவரையும் குறையில்லாமல் வைத்திருக்கட்டும், டெஸ்ஸா தலையில் என் கையை வைத்ததாக நினைத்துக்கொள்.

ஈஸ்டர் அன்று எங்களுக்கான ஒரு அறையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாய், நான் முடிக்க விடவில்லை. அதை முழுதாக எழுது. வாசலில் படி இருந்தால் எத்தனை என்றும் எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா,
லைமன்