தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு

ஐப்பசி 2, இரவு 10.30
மழை: காலையிலிருந்து. அப்பா 98.2. அம்மா 98.4. நான் 98.6. மூன்றையும் காலை எட்டு மணிக்குள் பெட்டியில் பதிந்துவிட்டேன்.

மழைக்காலத்தில் கரும்பனூரின் ஒவ்வொரு வீடும் இதைச் செய்ய வேண்டும். வாசல் சுவரில் பேரூராட்சி மாட்டிய பெட்டி இருக்கிறது. தெர்மாமீட்டர் காட்டும் எண்ணை அழுத்தினால், ஊர்க் கணக்கைப் பார்க்கும் பேரூராட்சி இயந்திரத்துக்குப் போய்விடும். எட்டரைக்கு ஒலிபெருக்கி பேசும்.

"வணக்கம். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். டயர், தேங்காய் ஓடுகளில் நீர் தேங்க விடாதீர்கள். ஆற்றுப்பாலம் மூழ்கியுள்ளது, கடக்க வேண்டாம். இன்று நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளும் நலம்."

குரல் நர்ஸ் ஜெபராணி அக்காவுடையது. அக்கா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவர் சொன்னால்தான் ஊர் கேட்கும் என்று அந்தக் குரலையே இயந்திரத்துக்குக் கொடுத்தார்கள். உயிரோடு இருந்தபோது அக்கா எண் எதுவும் கேட்டதில்லை. நெற்றியில் கை வைப்பார்.

ஐப்பசி 5, இரவு 11.10
உண்மை: அம்மா 101.2. அனுப்பியது: 98.4.

காய்ச்சல் என்று பதிந்தால் அக்கரையிலிருந்து மருத்துவப் படகு வரும். ஆனால் கதவு எண்ணை ஒலிபெருக்கி ஊருக்கே வாசிக்கும். அந்த வீட்டின் கடைக்கு இருபத்தொரு நாள் சீல். எங்களுடையது துணிக்கடை. தீபாவளிக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது.

அப்பா என் பின்னால் நின்றார். "ஏட்டி உலகு, நேத்து அமுக்குனதையே அமுக்கு. சாதாரணச் சளிக்காய்ச்சல்தான். தீபாவளி முடியட்டும்."

அழுத்தினேன். உண்மை எண்ணை எங்கேயும் எழுதக் கூடாது என்றும் சொன்னார். அதனால்தான் அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில், போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். என் பெயர் உலகம்மை. ஒன்பதாம் வகுப்பு.

ஐப்பசி 7, இரவு 10.50
உண்மை: அம்மா 102.6. அனுப்பியது: 98.4.

அறிவிப்பைக் கேட்டு அம்மா சிரித்தாள். "எனக்குக் காய்ச்சலே இல்லன்னு ஊருக்கே சொல்லிட்டாவ. பொறவு எதுக்குப் படுத்துக் கெடக்கேன்? எந்திரிச்சு தோசை சுடுதேன்." எழுந்தாள். அடுப்படி வரை போகவில்லை, விழுந்துவிட்டாள்.

எதிர்வீட்டுப் பூக்கார சண்முகத்தாய் அத்தை தனியாக இருக்கிறார். ஜன்னலில் பார்த்தேன். கண் இரண்டும் சிவந்திருந்தன. காய்ச்சலா என்று கேட்டேன்.

"வெங்காயம் அரிஞ்சேன்ட்டி." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஊரே தொண்ணூத்தெட்டு புள்ளி நாலுதான் அமுக்குது. நான் மட்டும் கூட்டி அமுக்கி பட்டமா வாங்கப் போறேன்?"

ஐப்பசி 9, இரவு 11.30
உண்மை: அம்மா 103.8. கைகளில் சிவப்புப் புள்ளிகள். ஈறில் ரத்தம். அனுப்பியது: 98.4.

செல்போன் கோபுரம் காற்றில் சாய்ந்துவிட்டது. இனிப் படகை அழைக்க இயந்திரத்தால் மட்டுமே முடியும்.

"இன்று நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளும் நலம்."

அறிவிப்பு முடிந்ததும் தெருவில் இருமல் சத்தம். ஒரு வீட்டிலிருந்து மட்டும் இல்லை.

ஐப்பசி 11, இரவு 9.15
அப்பா அம்மாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். "கடையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். உள்ளத அமுக்குட்டி."

104.2 அழுத்தினேன்.

பெட்டி அக்காவின் குரலில் பேசியது. "கை தவறியிருக்கிறது. இந்த மழைக்காலத்தில் கரும்பனூரில் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. உங்கள் எண் 98.4 எனத் திருத்தப்பட்டது. பயப்படாதீர்கள்."

மறுபடி அழுத்தினேன். ஏழு முறை. ஏழு முறையும் கோபமே இல்லாமல் திருத்தியது. நாங்கள் எல்லாரும் சேர்ந்து அதற்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான்.

அப்பா பேரூராட்சி அலுவலகத்துக்கு ஓடினார். பூட்டியிருந்தது. ஊழியர்கள் எல்லாரும் அக்கரைக்காரர்கள். பிறகு வீடு வீடாகத் தட்டினார். இருபது வீடு உண்மையை அழுத்தினால் இயந்திரம் நம்பும் என்றார். கதவுக்குப் பின்னாலிருந்தே பதில் வந்தது.

"மூணு நாள்தான அண்ணாச்சி. தீபாவளி முடியட்டும்."

அதை முதலில் சொன்னது அப்பாதான்.

ஐப்பசி 12, இரவு 10.00
அம்மா 104.4. நான் 100.8.

காலையில் அப்பா லாரி டியூப்பைக் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினார். படகைக் கூட்டி வருவதாகச் சொன்னார். நடு ஆறு வரை தலை தெரிந்தது. பிறகு மழை மறைத்துவிட்டது.

சாயங்காலம் சண்முகத்தாய் அத்தையைத் தேடிப் போனேன். கதவு தாழிடவில்லை. கூடையில் பூ கறுத்து அழுகியிருந்தது. அத்தை கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். வாடையிலேயே தெரிந்துவிட்டது. இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கும்.

வெளியே வந்து அவர் வீட்டுப் பெட்டியைப் பார்த்தேன். பச்சை விளக்கு. திரையில்: இன்று, 7.58, 98.4, நலம்.

யார் அழுத்தியது?

ஐப்பசி 13
தெரிந்துகொண்டேன். இன்று வேண்டுமென்றே எதையும் அழுத்தாமல் பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தேன். 7.58க்குத் திரை தானே ஒளிர்ந்தது. மூன்று பேர். அப்பாவுக்கும் சேர்த்து. 98.4. 98.4. 98.4. நலம்.

எண் வராத வீட்டுக்கு அதுவே போட்டுக்கொள்கிறது.

அம்மா 104.6. எனக்கு 102.

ஐப்பசி 14, தீபாவளி, விடியவில்லை
எங்கேயும் வெடிச் சத்தம் இல்லை. நாலு மணிக்கு ஒலிபெருக்கி மட்டும்.

"தீபாவளி வாழ்த்துகள். பட்டாசு வெடிக்கும்போது பருத்தி ஆடை அணியுங்கள். வாளியில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளும் நலம்."

இப்போது தெருவில் இருமலும் இல்லை.

அம்மா மூச்சு விடுகிறாள். எண்ணிக்கொண்டே இருக்கிறேன். எழுத்து கோணுகிறது. நோட்டை வாசலில், மழை படாத இடத்தில் வைக்கப் போகிறேன்.

படகில் யார் வந்தாலும், பச்சை விளக்கைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். கதவைத் தாழிடவில்லை. தள்ளினால் திறக்கும். பெட்டியிடம் கேட்க வேண்டாம். உள்ளே வந்து அம்மா நெற்றியில் கையை